பிரித்துத் தைத்த கவுன்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்பே பார்சல் வந்திருக்கும். பிரித்ததும் உனக்குக் கோபம் வந்திருக்கும். உன் கல்யாண கவுன்தான். அம்மாவின் பீரோவில், மேல் தட்டில், பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருந்தது. உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பக்கத்துக் கட்டடத்தில் மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோகும்போதெல்லாம் வருவார். அது அடிக்கடி நிற்கும். அப்படித்தான் பழக்கம். நல்ல மனிதர். எல்லாம் தெரிந்துதான் கேட்டார், நானும் சரி என்றேன்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டு பேரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ ரயில் ஏறியதிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கடிதத்தில் மூச்சு கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கவுன் எனக்கு அளவு சரியாக இருக்கிறது. நம் இரண்டு பேர் உடம்பும் எப்போதும் ஒரே அளவுதானே. ஆனால் உடம்பை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறது. முதுகில் ஜிப், ஒட்டிய கை, கழுத்து வரை மூடிய முன்பக்கம். அதைப் பிரித்து, கொஞ்சம் தாராளமாக, அசைய வசதியாக, போடக் கழற்றச் சுலபமாகத் தைத்துத் தர முடியுமா? முக்கியமாகத் தோள் பக்கம். இங்கே ஒரு தையல்காரரிடம் காட்டினேன். உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத தச்சவங்ககிட்டயே குடுத்துடுங்கம்மா, நான் தொட்டா கெட்டுடும்" என்றார். தைத்தது என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

வருவாயா என்று கேட்கவில்லை. கவுனை மட்டும் கேட்கிறேன். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

பார்சல் வந்தது. கோபமெல்லாம் வரவில்லை. நான் ஒருநாள் போட்டதோடு சரி, அதன்பிறகு அது அம்மாவுடையதுதான். உனக்கு ஆகும் என்றுதான் எடுத்து வைத்திருப்பார்கள்.

முதலில் ஒன்று. தலையைச் சுற்றி மூக்கைத் தொட எனக்கு வராது, உனக்கே தெரியும். வயிற்றில் ஏதாவது இருக்கிறதா? கல்யாணப் பெண் "அசைய வசதியாக" என்று கேட்டால் தையல்காரிக்கு அதுதான் அர்த்தம். இருந்தால் சொல்லிவிடு, இடுப்பில் இன்னும் துணி விட இடம் இருக்கிறது. நான் ஒன்றும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அத்தான்கூட, "இருந்தா சந்தோஷந்தானே, அதுக்கேன் கடுகடுன்னு எழுதற?" என்கிறார். எழுத்திலேயே கடுகடுப்பு தெரிகிறதாம்.

அசையும் உடை தைப்பதுதான் இப்போது என் பிழைப்பு. எங்கள் பட்டறையில் தீயணைப்புக்காரர்களுக்குத் தைக்கிறோம். தைத்து முடித்த உடையை யாராவது ஒருவர் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், குந்த வேண்டும், தரையில் தவழ வேண்டும், ஏணி ஏற வேண்டும். எங்கேயாவது பிடித்தால் மறுபடி பிரிப்போம். பட்டன் மெஷினில் இருக்கிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டகம். அவ்வளவு உயரம். அவள்தான் ஏணியைப் பிடித்துக்கொள்வாள்.

உன் கவுனுக்கும் அதையே செய்தேன். பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் அகலம் விட்டேன். இரண்டு கக்கத்திலும் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தேன், லைனிங்கோடு சேர்த்து. முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஒரு மடிப்பு. பிறகு நானே போட்டுக்கொண்டு ஏணி ஏறினேன். மேஸ்திரி உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒட்டகம், "தீப்பிடிச்ச வீட்டுக்குள்ள மாப்ள தேடப் போறாங்க சார்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் கல்யாணத்தன்று இந்தக் கவுனில் என்னால் உட்காரக்கூட முடியவில்லை. "நிமிந்து நில்லு, உக்காந்தா கசங்கிடும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். உனக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கலாம், ஒரு இடத்திலும் இழுக்காது.

அந்த மனிதரைப் பிடித்திருக்கிறதா? நல்லவர் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நல்லவர் என்று பக்கத்து வீட்டுக்காரரையும் சொல்லலாம்.

லீவு பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

கவுன் வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை.

வேலை அழகாக இருக்கிறது. கக்கத்தில் துண்டு வைத்தது வெளியே தெரியவே இல்லை. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கலாம் என்று எழுதியிருந்தாய். என்னால் ஒரு கையைத் தூக்க முடியாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இடது கை. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, நரம்பு சேரவில்லை. தோளும் முழங்கையும் என் பேச்சைக் கேட்பதில்லை. கை தொங்கிக்கொண்டிருக்கும். விரல்கள் மடங்கும். வலது கையால் எதையாவது எடுத்து அந்த விரல்களுக்குள் வைத்தால் பிடித்துக்கொள்ளும். தோளிலிருந்து முழங்கை வரை வெளிப்பக்கம் தொட்டால் தெரியாது. ஒருநாள் வெந்நீர் பட்டுக் கொப்பளித்ததைச் சாயங்காலம் சட்டை ஒட்டிக்கொண்டபோதுதான் பார்த்தேன். டாக்டர், "இனிமே இவ்ளோதான், பழகிக்கோங்க" என்றார். வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். ஒரு கையால் மடிப்பது எப்படி என்று அன்றைக்கே வந்துவிட்டது. வருத்தம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

கவுனைப் போட்டுப் பார்த்தேன். கால் வழியாக ஏறினால் முதுகு ஜிப் எட்டவில்லை. ஜிப்பைப் பாதி ஏற்றிவிட்டுத் தலை வழியாக முயன்றேன். வலது கை நுழைந்துவிட்டது, இடது கை நுழையவில்லை, பிறகு வலது கையும் வெளியே வரவில்லை. தலை உள்ளே இருக்க, அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தது. வெளியே வர வேண்டும் என்று அவசரமே தோன்றவில்லை. அப்புறம் வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கேட்கவில்லை, அக்கா. நான் ஓட்டிய காரில் அம்மா போய்விட்டார்கள், என்னை மட்டும் உயிரோடு வெளியே எடுத்தார்கள். அடக்கத்தன்று அத்தனை பேர் நடுவில் என் கட்டைப் பார்த்து, "உனக்கு கை மட்டுந்தானே போச்சு" என்றாய். அன்றைக்குக் கை போகவில்லை. எலும்பு முறிவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீ சொன்ன பிறகுதான் போனது. உன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்று ஒருநாள் பல் தேய்க்கும்போது சிரிப்பு வந்தது.

கோபமாக எழுதவில்லை. கோபம் வந்தாலாவது தேவலை. எங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கூப்பிடும் வரை. நானும் அப்படித்தான் இருக்கிறேன். அவரைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாய். அவர் வந்து உட்கார்ந்தால் அறை இன்னும் அமைதியாகிறது. அது பிடித்திருக்கிறது.

கவுனைத் திருப்பி அனுப்புகிறேன். முடியாது என்றால் அப்படியே வைத்துக்கொள். பட்டன் வைத்த சட்டை எதையாவது போட்டுக்கொள்கிறேன். அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

தங்கை


மார்ச் 12

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மதியம் பட்டறையில் படித்தேன். படித்து முடித்துவிட்டு டப்பாவில் மிச்சம் இருந்ததையும் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதலாம்தான். இறங்கியது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

அப்புறம் ஒட்டகத்தைக் கூப்பிட்டு, துணிப் பட்டையால் என் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். முழங்கையும் மடங்கக் கூடாது, விரல் மட்டும் வெளியே. "எதுக்குக்கா?" என்றாள். "ஒரு உடைக்கு அளவு பாக்கணும்" என்றேன். "மேஸ்திரி பாத்தா ஒத்தைக் கைக்குத்தான் சம்பளம் போடுவாரு" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அவளுக்கு எதிலும் ஒரு வேடிக்கை.

கவுன் வந்து சேரும் வரை தினமும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பார்த்தேன். டப்பா மூடியைத் திறக்க வரவில்லை, தொடைக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தலைமுடியைக் கட்ட வரவில்லை. நீ எப்படிக் கட்டுகிறாய்? வெட்டிவிட்டாயா? ஊசியில் நூல் கோக்க முடியாது என்று தெரிந்தபோது பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டேன். எனக்குக் கழற்றிவிட ஆள் இருந்தது.

கவுன் வந்ததும் அதே கட்டோடு போட்டுப் பார்த்தேன். நீ சொன்ன அதே இடத்தில்தான் நானும் சிக்கினேன். உள்ளே வெள்ளை, சத்தமில்லை. நான் உன்னைப் போலப் பொறுமையாக உட்காரவில்லை. கத்தினேன். ஒட்டகம் ஓடி வந்து உருவினாள்.

நான் அன்றைக்குச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொல்லவே இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை, சின்னவளே. அம்மா என்னைப் பார்க்கத்தான் கிளம்பினார்கள். பஸ்ஸிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறேன் என்று என்னிடம் போனில் சொன்னார்கள். நீதான், மழை, காரில் விடுகிறேன் என்று வற்புறுத்தினாய். நான் இங்கே பிளாட்பாரத்தில் நின்றேன். ரயில் வந்து, எல்லோரும் இறங்கிப் போய், கூட்டுகிறவர் வந்து என் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார். அம்மா எப்போதும் மெதுவாகத்தான் இறங்குவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன், வேலைக்குப் போகிறேன், ஆனாலும் அங்கேயே நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. உன் மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிவதால் ஒன்றும் ஆகவில்லை.

இனி வேலை. இடது மணிக்கட்டின் சுற்றளவு இப்போது எவ்வளவு? கை மெலிந்திருக்கும். கை தொங்கும்போது தோள் கீழே இழுக்கிறதா? கட்டிலில் உட்கார்ந்து போட்டுக்கொள்வாயா, நின்றா? விரலில் துணியின் ஓரத்தைக் கொடுத்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கடைசியாக ஒன்று. அன்று காலை உனக்குப் போட்டுவிட யாராவது இருப்பார்களா? இருந்தால், இடது கையை மட்டும் அகலப்படுத்திவிட்டு முதுகில் ஜிப்புக்குப் பதில் கொக்கி வைத்துவிடுவேன். கவுனின் அமைப்பு கெடாது. யாரும் இல்லை என்றால் முன்பக்கத்தை வெட்டித் திறக்க வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான், பழையபடி ஆக்க முடியாது. யோசித்து எழுது.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

முடியை வெட்டிவிட்டேன். காது வரை. அம்மா பார்த்தால் திட்டுவார்கள்.

மணிக்கட்டு அளவை நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முடிச்சு அவர் போட்டது, யாருக்கு அனுப்புகிறேன் என்று கேட்கவில்லை. தோள் கீழே இழுக்கும், சாயங்காலமானால் வலது பக்கக் கழுத்து வலிக்கும். கட்டிலில் உட்கார்ந்துதான் எல்லாம் போட்டுக்கொள்வேன். விரல் பிடித்துக்கொள்ளும், ஆனால் நான் வேறு எதையாவது நினைத்தால் விட்டுவிடும்.

பஸ்ஸில் போகிறேன் என்று அம்மா என்னிடமும்தான் சொன்னார்கள். நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

போட்டுவிட யாராவது இருப்பார்களா என்று கேட்டாய். இந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், மறுபடி திறந்தேன். "யாராவது" என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வேறு எங்கேயாவது வேறு மாதிரி எழுதியிருக்கிறாயா என்று. இல்லை.

அவருடைய அண்ணி வந்து கேட்டார். "நான் போட்டு விடுறேன்மா, கூச்சப்படாத, நானும் பொம்பளதானே" என்றார். தங்கமானவர். ஆனால் இந்தக் கையை முதல்முறை தூக்கிப் பார்ப்பவர்களின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று காலையில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால், யாரும் இல்லை. நானே போட்டுக்கொள்கிறபடி தைத்துவிடு.

வெட்டு.

தங்கை


ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

வெட்டிவிட்டேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஒட்டகத்திடம் கொடுக்கலாமா என்று பார்த்தேன், பிறகு நானே வெட்டினேன்.

போட்டுக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன், ஒரு முறை பழகிப் பார். கழுத்திலிருந்து தொடை வரை முன்பக்கம் திறக்கும். தீயணைப்பு உடைக்கு வைக்கிற அதே ஜிப், இழுக்க விரல் நுழைகிற வளையம். லேஸ் அதன்மேல் மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. கவுனைத் தரையில் வட்டமாகப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் உள்ளே வை. எழுந்து இடுப்பு வரை ஏற்று. முதலில் இடது கை. அந்தப் பக்கக் கையை மணிக்கட்டிலிருந்து கழுத்து வரை நீளமாகத் திறந்திருக்கிறேன், நுழைக்கவே வேண்டாம், கையைச் சுற்றி மூடினால் போதும். பட்டன் கிடையாது, சின்னச் சின்னக் காந்தம், கைப்பையில் வருமே அது. கிட்டே கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்ளும். பிறகு வலது கை. பிறகு ஜிப். மேலே இழுக்கும்போது கீழ்ப்பக்கம் கூடவே வரும், அதற்கு உள்ளே ஒரு பட்டை இருக்கிறது, அதைக் காலால் மிதித்துக்கொள்.

இடுப்பில் இடது பக்கம் ஒரு பை. உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்திருக்கிறேன். கையை எடுத்து அதில் வைத்துவிடு, தோள் இழுக்காது. பார்ப்பவர்களுக்கு நீ பையில் கை விட்டுக்கொண்டு தெனாவெட்டாக நிற்கிற மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

கையைக் கட்டிக்கொண்டு இதை எத்தனையோ தடவை போட்டுக் கழற்றினேன். எங்கேயாவது கொஞ்சம் இடறினாலும் பிரித்து மறுபடி தைத்தேன். ஒட்டகம், "அக்கா, ஏணி வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். கடைசியில் ஒரு இடத்திலும் யார் உதவியும் தேவைப்படவில்லை. இதுவரை இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. சொல்லிக்கொள்ளலாம்.

நான் வரவில்லை. பெரிய ஆர்டர், லீவு கிடைக்கவில்லை என்று எழுதலாம். மேஸ்திரியிடம் கேட்கவே இல்லை. அத்தான் டிக்கெட் எடுக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். உன்னைப் பார்த்தால் காரைத்தான் பார்ப்பேன், சின்னவளே. நல்ல நாளில் என் மூஞ்சியில் அதை நீ பார்க்க வேண்டாம். கவுன் சரியாக இருந்துவிட்டால் நான் வராதது பெரிதாகத் தெரியாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன்.

இடது பக்கத் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன் என்று எதையும் சுட வைத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்தது. எல்லாம் சொன்ன நேரத்தில் நடந்தது. சாப்பாட்டில் குறையில்லை.

கவுனை அண்ணி முதல் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அத்தானிடம் சொல், பையில் கை விட்ட கல்யாணப் பெண்ணை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். படி ஏறினேன். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை, லேஸைத் தூக்கி ஜிப்பைத்தான் முதலில் பார்த்தார். "யாரு வேல இது? ரொம்ப நல்லா யோசிச்சிருக்காங்க" என்றார். என் அக்கா என்றேன். "வந்திருக்காங்களா?" என்று கூட்டத்தில் தேடினார். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ அப்படி எழுதவில்லை என்றாலும் நான் அப்படித்தான் சொன்னேன்.

காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு நீ எழுதியபடியே போட்டேன். காலை வைத்தேன், ஏற்றினேன், இடது கையை மூடினேன், காந்தம் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டது. வலது கை. பட்டையை மிதித்துக்கொண்டு ஜிப்பை இழுத்தேன். ஒரு இடத்திலும் இடறவில்லை. அரைமணி ஆகும் என்று சீக்கிரமே எழுந்திருந்தேன், தலை வாரும் நேரம்கூட ஆகவில்லை. அண்ணி கதவைத் தட்டி, "ஏதாவது பிடிக்கணுமாம்மா?" என்றார். "இல்லக்கா, ஆச்சு" என்றேன். அவரை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன், வாய் தவறி.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வண்டி வர நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா போனதிலிருந்து வராத அழுகை அங்கேதான் வந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பார்த்தேன், போயிருக்கும்.

உன்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேட்டதைத்தான் நீ செய்தாய். நான் கேட்டதை அப்படியே நம்பிவிட்டாய். ஒரே ஒரு கொக்கியாவது, அக்கா, எனக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கலாம்.

தங்கை